பறவைகளின் நீர்த்தட்டும் பாசியும்

ஊவாப் பகுதியின் மரக்கறிச் செய்கையாளருக்கு ஆனி தொடக்கம் ஆவணி வரையுள்ள மாதங்கள் சோதனையான மாதங்களாகும். தென்மேற் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழை மத்திய மலைகளின் மேற்குச் சரிவுகளிலேயே பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடுகின்றது. மலைமுகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும் கச்சான் காற்று ஈரம் இழந்து வறட்சியுடன் வீசுகின்றது. இக்காற்றே தேயிலைக் கொழுந்துக்குத் தனி மணத்தைக் கொடுத்து ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித் தந்தது. ஆனால் அதே காற்று போஞ்சிப் பாத்தியையும் கோவாப் பாத்தியையும் உலர்த்திவிடுகின்றது. சிற்றோடைகளை வற்றச் செய்கின்றது.

பதுளையிலிருந்து பண்டாரவளை செல்லும் வீதியில் அமைந்துள்ள ஹாலிஎலவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இக்காலத்தில் நீர் தேடி அலைவன மனிதரும் மாடுகளும் மாத்திரமல்ல. பறவைகளும் நீர் தேடி வீட்டுத் தோட்டங்களை நாடி வருகின்றன. அவற்றிற்கென ஒரு சட்டியில் நீர் வைக்கும் வழக்கம் லயன் வீடுகளின் முற்றங்களிலும் கிராமத்துக் கொல்லைகளிலும் உண்டு. அது நல்ல வழக்கமே. ஆயினும் நீர் வைத்த மூன்றாம் நாளில் சட்டியின் உட்புறம் வழுவழுப்படைகின்றது. ஒரு வாரத்துள் நீர் பச்சை நிறமாகின்றது. அதன் பின்னர் நுளம்புக் குடம்பிகள் நெளிகின்றன. அந்நிலையில் ஒரு சாரார் சட்டியைத் தூக்கி எறிந்துவிடுகின்றனர். வேறொரு சாரார் பாசியைக் கொல்லவென்று கையிற் கிடைத்த மருந்தை நீரில் இடுகின்றனர். இவ்விரண்டும் தேவையற்றவை. நீர்த்தட்டைத் தூய்மையாக வைத்திருப்பதற்கு மருந்து வேண்டியதில்லை. ஒழுங்கான பழக்கமே வேண்டும்.

பறவைகளால் வரும் பயன்

நீர் வைப்பதால் தோட்டக்காரருக்கு என்ன இலாபம் என்று கேட்பது நியாயமே. வண்ணாத்திக்குருவி, தையற்சிட்டு, தவிட்டுக்குருவி, கரிக்குருவி, மைனா ஆகியன புழு பூச்சிகளைப் பெருமளவில் உண்பவை. பழம் உண்ணும் கொண்டைக்குருவியும் குஞ்சு பொரித்த காலத்தில் பூச்சிகளைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றது. இந்தியாவில் மேசன், மக்ஸ்வெல் லெப்ரோய் என்னும் இருவர் பறவைகளின் இரைப்பைகளைத் திறந்து, அவை உண்டவை யாவை என்று ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1912ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பயிருக்கு நன்மை செய்யும் பறவை எது, தீமை செய்யும் பறவை எது என்பதை ஊகத்தால் அன்றிச் சான்றினால் அறியலாம் என்பதை அவ்வறிக்கை எடுத்துக் காட்டிற்று.

இதன் மறுபக்கத்தைச் சீனதேசம் பெருஞ்செலவிற் கற்றுக்கொண்டது. அங்கு 1958ஆம் ஆண்டில் தானியம் தின்னும் சிட்டுக்குருவிகளை ஒழிக்கும் இயக்கம் நாடெங்கும் நடத்தப்பட்டது. குருவிகள் அழிந்த இடங்களிற் பூச்சிகள் பெருகின. 1960ஆம் ஆண்டில் ஒழிக்கப்படவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியை அதனிடத்திற் சேர்த்தனர்.

எல்லாப் பறவைகளும் எக்காலத்திலும் நண்பர்கள் என்று கொள்ளுதலும் தவறாகும். நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் நெல்லுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். ஆகவே வயல் வரம்பின் ஓரத்தில் நீர்த்தட்டு வைத்தலாகாது. தக்காளிப் பாத்தியின் அருகிலும் வைத்தலாகாது. கோவா, போஞ்சி, நோக்கோல் முதலியன நிற்கும் பக்கமே அதற்குத் தகுந்த பக்கமாகும்.

பாசி எவ்வாறு உண்டாகின்றது

பாசி என்பது அழுக்கன்று. அதுவும் உயிருள்ள ஒரு கூட்டமே. மிக நுண்ணிய பாசி உயிர்கள் காற்றிலும் மழைநீரிலும் பறவையின் காலிலும் ஒட்டி வந்து சேர்கின்றன. அவை வருவதை எவராலும் தடுத்தல் இயலாது. வந்தவை பெருகுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: வெயில், உணவு, காலம். பகல் முழுவதும் வெயில் படும் தட்டில் முதலாவது கிடைக்கின்றது. பறவையின் எச்சம், உதிர்ந்த இலை, உணவுத் துணுக்கு ஆகியவற்றிலுள்ள நைதரசனும் பொசுபரசும் இரண்டாவதைக் கொடுக்கின்றன. நீரை மாற்றாது விடும் கை மூன்றாவதைக் கொடுக்கின்றது.

நெற்செய்கையாளருக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். வயலில் வளரும் பாசி நிலத்துக்கு நன்மை செய்கின்றதே, தட்டில் வளரும் பாசியை மாத்திரம் ஏன் பகைக்க வேண்டும் என்பதே அவ்வையம். வயலைப் பற்றிய கூற்று உண்மையானதே. வெள்ளம் கட்டிய நெல்வயலில் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள நைதரசனைக் கவர்ந்து மண்ணுக்கு அளிக்கின்றன என்பதை இந்திய ஆராய்ச்சியாளர் பி. கே. டே 1939ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். வயலில் பாசி மடிந்தால் அதன் சத்தை மண்ணும் பயிரின் வேரும் ஏற்றுக்கொள்கின்றன. தட்டில் அவ்வாறு ஏற்றுக்கொள்வார் எவருமில்லை. மடிந்த பாசி அங்கேயே அழுகுகின்றது, அதனை உண்டு கிருமிகள் பெருகுகின்றன, நீர் நாறுகின்றது. மேலும் நீலப்பச்சைப் பாசிகளுட் சில நஞ்சை உண்டாக்கவல்லவை. தேங்கிய நீரில் அவை செறிந்து வளர்ந்தால் அந்நீரைக் குடிக்கும் பறவைக்கும் நாய்க்கும் கன்றுக்கும் கேடு விளையலாம்.

வெயில், உணவு, காலம் என்னும் மூன்றையும் குறைப்பதே பாசியைத் தடுக்கும் வழியாகும். பின்வரும் முறைகள் யாவும் அவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ குறைப்பதற்காகச் சொல்லப்பட்டவை.

தட்டும் அது இருக்கும் இடமும்

ஆழமான பாத்திரம் ஆகாது. சிறு பறவை கால் ஊன்றி நின்று குளிப்பதற்கு ஓரத்தில் ஓர் அங்குல ஆழம் போதும். நடுவில் இரண்டு அங்குலத்திற்கு மேல் வேண்டியதில்லை. விட்டம் ஓர் அடி இருத்தல் நன்று. வாய் அகன்ற மண்சட்டி இதற்கு மிகப் பொருத்தமானது. சட்டியின் உட்புறம் மிக வழுக்குமாயின் நடுவில் ஒரு தட்டைக் கல்லை வைத்தல் வேண்டும். பறவை அதன்மேல் நின்று குடிக்கும். தவறி விழும் தேனீயும் அதன்மேல் ஏறித் தப்பிக்கொள்ளும்.

சீமெந்தினால் தட்டு வார்ப்பவர் அதனை உடனே பயன்படுத்தலாகாது. புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்புக் காரம் நீரிற் கசியும். ஒரு வாரமேனும் நீர் நிரப்பி, நாள்தோறும் அந்நீரைக் கொட்டி, புதுநீர் விட்டுப் பழக்கிய பின்னரே பறவைகளுக்கு வைத்தல் வேண்டும். பீடைநாசினி வந்த தகரத்தையோ பிளாஸ்ரிக் கலனையோ வெட்டி நீர்த்தட்டாக்குதல் எக்காரணம் கொண்டும் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அக்கலன் நீர் வைப்பதற்கு உரியதன்று. மருந்து தெளிக்கும் கருவியைக் கழுவிய நீர் வடிந்து செல்லும் வழியிலும் தட்டை வைத்தலாகாது.

தட்டை நிலத்தில் வைத்தால் பூனை பதுங்கி வந்து பறவையைப் பிடித்துவிடும். மழையில் மண்ணும் பசளையும் தெறித்து நீரில் விழும். மூன்றடி உயரத்தில், நன்றாக ஊன்றிய கம்பத்தின் மேலோ அடுக்கிய கற்களின் மேலோ அமைத்தல் நன்று. வேலியிலிருந்தும் புதரிலிருந்தும் ஏழெட்டு அடி விலகியிருத்தல் வேண்டும். காலை வெயில் சற்றுப் பட்டு, நண்பகலுக்குப் பின் நிழல் விழும் இடமே சிறந்தது. கிளிசிறிடியா வேலியின் கிழக்குப் பக்கம் இதற்கு ஏற்றது. ஆனால் கிளையின் நேர்கீழே வைத்தால் இலையும் எச்சமும் இடையறாது விழுந்து பாசிக்கு உணவாகும்.

தட்டுக்கு விடும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதையும் கவனித்தல் வேண்டும். பசளையிட்ட பாத்திகளினூடே வடிந்து வரும் வாய்க்கால் நீரிற் பாசிக்கு வேண்டிய சத்துக்கள் கரைந்திருக்கும். அந்நீரை விட்டால் தட்டு இரட்டிப்பு விரைவிற் பச்சையாகும். பீலியிலோ குழாயிலோ கிணற்றிலோ எடுத்த நீரே நன்று.

இரட்டைத் தட்டு முறை

ஒரே அளவான இரண்டு சட்டிகளை வைத்துக்கொள்ளுதல் எல்லா முறைகளிலும் எளியது. ஒன்று பயனில் இருக்கும்போது மற்றொன்று வெயிலிற் கவிழ்ந்து உலர்ந்துகொண்டிருக்கும். பாசிக்கும் கிருமிக்கும் நீர் எவ்வளவு துணையோ, அவ்வளவுக்கு உலர்ச்சி பகையாகும். இம்முறையைக் கைக்கொள்வோர் செய்யவேண்டியவை வருமாறு:

நாள்தோறும் காலையில் பழைய நீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதுநீர் விடுதல் வேண்டும். குறைந்த நீரின் மேல் நீர் ஊற்றி நிரப்புதல் நீரை மாற்றியதாகாது. பழைய நீரில் இருந்த எச்சமும் பாசி விதையும் அப்படியே தங்கிவிடும்.

மூன்று நாட்களுக்கு ஒருமுறை சட்டியை மாற்றுதல் வேண்டும். எடுத்த சட்டியைத் தும்புத் தூரிகையாலோ, பொச்சுமட்டைத் துண்டும் மணலும் கொண்டோ, உட்புறம் விளிம்பு வரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கையால் தடவிப் பார்க்கும்போது வழுக்கல் இருந்தால் இன்னும் தூய்மையாகவில்லை என்பது பொருள். சவர்க்காரமும் சலவைத் தூளும் வேண்டாம். அவை எஞ்சி நின்றால் பறவையின் இறகிலுள்ள எண்ணெய்ப்பசையை அகற்றிவிடும். அப்பசையின்றேல் இறகு நனைந்து பறவை குளிரால் வருந்தும்.

கழுவிய சட்டியை வெயிலிற் கவிழ்த்து, அடுத்த முறை வரை உலரவிடுதல் வேண்டும்.

பாசி காய்ந்து இறுகிப் பற்றிக்கொண்ட மண்சட்டிக்கு ஒரு பங்கு வினாகிரியை ஒன்பது பங்கு நீரிற் கலந்து அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். பின்னர் நன்றாக அலசுதல் வேண்டும். சீமெந்துத் தட்டுக்கு வினாகிரி உதவாது. அது சீமெந்தை அரித்துச் சொரசொரப்பாக்கும். அச்சொரசொரப்பிற் பாசி முன்னிலும் இறுகப் பற்றும்.

வறட்சிக் காலத்தில் இவ்வாறு நீரை வீணாக்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். ஓர் அடி விட்டமும் இரண்டு அங்குல ஆழமும் உள்ள தட்டு 3½ லீற்றர் அளவே கொள்ளும். ஒரு வாரத்திற்கு ஏறத்தாழ 25 லீற்றர் செலவாகும். அதுவும் வீணாவதில்லை. கொட்டும் நீரைப் போஞ்சியின் அடியிலோ வாழையின் அடியிலோ ஊற்றினால், எச்சத்திலும் பாசியிலும் உள்ள சத்து நீருடன் சேர்ந்து பயிருக்கே போய்ச் சேரும். சலாது முதலிய, பச்சையாக உண்ணப்படும் இலைகளின் மேல் மாத்திரம் அதனை ஊற்றலாகாது.

நுளம்பைப் பற்றிய எச்சரிக்கை

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சல் கண்டவர்களாக அறிவிக்கப்பட்டனர். அக்காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு பெரிய குளத்தையும் ஓடும் ஆற்றையும் நாடுவதில்லை. சட்டி, சிரட்டை, பழைய டயர், உடைந்த ஆட்டுக்கல் ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு தெளிந்த நீரையே நாடுகின்றது. கவனியாது விட்ட நீர்த்தட்டும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், தத்தம் வளவில் நுளம்பு பெருகாது பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குடியிருப்போர் மீது வைத்திருக்கின்றது.

இந்நுளம்பு தன் முட்டைகளை நீரில் இடுவதில்லை. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில் ஒட்டி வைக்கின்றது. நீரை மாத்திரம் கொட்டினால் முட்டைகள் சுவரிலேயே தங்கும். அவை பல மாதங்கள் உலர்ந்து கிடந்தாலும் சாவதில்லை. மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். பொரித்த குடம்பி வெப்பமான காலத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் நுளம்பாகப் பறந்துவிடும். விளிம்பு வரை தேய்த்துக் கழுவ வேண்டும் என்று மேலே கூறியதன் காரணம் இதுவே. மூன்று நாட்களுக்கு ஒருமுறை தேய்க்கப்படும் தட்டிற் பாசியும் நிலைப்பதில்லை, நுளம்பும் பறப்பதில்லை. ஒரே வேலையால் இரண்டு பயன் கிடைக்கின்றது.

வீட்டைவிட்டு இரண்டு நாட்களுக்கு மேல் வெளியூர் செல்வோர் தட்டைக் கவிழ்த்துவிட்டே செல்லுதல் வேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கிய பின்னர் பறவைகளுக்கு எங்கும் நீர் கிடைக்கும். அப்பொழுது தட்டைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, கூரையின் கீழ்க் கவிழ்த்து வைத்துவிடலாம். பெரும்போக வேலைகள் நெருக்கும் அக்காலத்தில் தட்டைப் பேணும் கவலையும் இல்லாதொழியும்.

துருசு இடலாமா?

உருளைக்கிழங்கும் தக்காளியும் பயிரிடுவோர் சிலரிடம் துருசு இருக்கும். பிரான்சு தேசத்தில் 1885ஆம் ஆண்டில் வெளிப்படுத்தப்பட்ட போடோக் கலவைக்குத் துருசும் சுண்ணாம்பும் மூலப்பொருள்கள் என்பது பலரும் அறிந்ததே. துருசு பாசியைக் கொல்லும் என்பதும் உண்மை. அமெரிக்க விவசாயப் பகுதியைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்போர் 1904ஆம் ஆண்டிலேயே நீர்த்தேக்கங்களின் பாசியை அதனால் அழிக்கும் முறையை வெளியிட்டனர். அதனால், ஒரு சிட்டிகை துருசைத் தட்டில் இட்டால் என்ன என்று தோன்றலாம்.

இங்கே கணக்கைப் பார்த்தல் வேண்டும். அவர்கள் கூறிய அளவு பத்து இலட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்கு, அல்லது அதனிலும் குறைவு. அக்கணக்குப்படி 3½ லீற்றர் கொண்ட தட்டுக்கு 3½ மில்லிகிராம் துருசே பொருந்தும். அத்துணைச் சிறிய அளவை வீட்டில் எவராலும் நிறுத்து எடுத்தல் இயலாது. விரல் நுனியாற் கிள்ளிய சிட்டிகை அதனிலும் பன்மடங்காகும். அந்நீரை வெயில் வற்றச் செய்யும்போது எஞ்சும் நீரில் நஞ்சு இன்னும் செறியும். அதனைப் பறவை குடிக்கும். அவ்வழியே செல்லும் கோழியும் குடிக்கும். நீர்த்தேக்கத்துக்கு உரிய மருந்து நீர்த்தட்டுக்கு உரியதன்று. களைநாசினி, மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய் என்பனவும் அவ்வாறே முற்றாக விலக்கப்படவேண்டியவை.

நோய் கண்டால்

பல பறவைகள் ஒரே நீரைக் குடிப்பதால் நோயும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். புறா இனத்தில் வாயையும் தொண்டையையும் பற்றும் ஒருவகை ஒட்டுண்ணி நோய் குடிநீர் வழியாகவே எளிதிற் பரவுகின்றது. அவ்வொட்டுண்ணி உலர்ச்சியைத் தாங்காது. வெயிலிற் காய்ந்த சட்டியில் அது வாழ்வதில்லை. இரட்டைத் தட்டு முறையின் மற்றொரு நன்மை இதுவாகும்.

வீட்டுக் கோழிகளைக் காட்டுப் பறவைகளின் தட்டில் நீர் குடிக்கவிடலாகாது. கோழித் தொட்டியிற் காட்டுப் பறவைகளையும் குடிக்கவிடலாகாது. ராணிக்கெட் போன்ற கொடிய நோய்கள் அசுத்தமான நீராலும் பரவவல்லவை. கோழிகள் கழுத்துத் திருகியும், பச்சை நிறமாகக் கழிந்தும், மூச்சு வாங்கியும் காணப்பட்டால் தாமதியாது கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும்.

தட்டின் அருகிற் சோர்ந்தோ இறந்தோ கிடக்கும் பறவைகளைக் கண்டால், வெறுங்கையாற் தொடாது அகற்றிப் புதைத்து, தட்டை இரண்டு வாரமேனும் எடுத்துவிடுதல் வேண்டும். அவ்வேளையில் மாத்திரம் கடைகளில் விற்கும் திரவ வெளிற்றியை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, தட்டைப் பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை முற்றாக நீங்கும் வரை அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். வெளிற்றியையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகக் கலத்தலாகாது. அக்கலப்பிலிருந்து எழும் குளோரீன் வாயு மனிதரின் மூச்சுக்குக் கேடானது.

நீர்த்தொட்டிகளுக்கும் இதுவே விதி

இதுகாறும் சிறிய தட்டைப் பற்றிச் சொல்லப்பட்டவை, பாத்திகளுக்கு நீர் இறைக்கும் தொட்டிக்கும் மாடு குடிக்கும் தொட்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். அங்கும் வெயிலை மறைத்தால், உணவை விலக்கினால், தேங்கும் காலத்தைக் குறைத்தால் பாசி அடங்கும். இறைப்புத் தொட்டிக்கு மூடி இட்டால் ஒளியும் புகாது, இலையும் விழாது. இடைவெளியின்றிப் பொருந்திய மூடியாயின் நுளம்பும் புகாது. தெளிப்பானின் துளைகளைப் பாசி அடைத்துவிட்டது என்று வருந்தும் செய்கையாளர் முதலிற் பார்க்கவேண்டியது தெளிப்பானை அன்று, மூடியில்லாத தொட்டியையே ஆகும்.

தட்டைத் தேய்த்து மாற்றும் வேலைக்குப் பத்து நிமிடமும், நாள்தோறும் நீர் மாற்றுவதற்கு இரண்டு நிமிடமும் போதும். வீட்டுச் சிறுவரிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாம். ஆயின் வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவும் பழக்கத்தையும் அவர்களுக்குச் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். எந்தப் பறவை எவ்வேளை வருகின்றது, எது பாத்தியிற் புழு பொறுக்குகின்றது, எது பழத்தைக் கொத்துகின்றது என்பவற்றை அவர்கள் கவனித்துச் சொல்லத் தொடங்குவர். தோட்டத்தில் நடப்பதைக் கண்ணாற் கண்டறியும் அப்பழக்கம், நாளை அவர்கள் செய்யப்போகும் பயிர்ச்செய்கைக்கும் உதவும்.